ஒரு பக்கம் தீட்டிய கத்தி

யுவனேஸ்வரனுக்குக் கத்தி செய்வது பிழைப்பு இல்லை. ரிங்லெட் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஃபேக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சாய்ப்பில் போய் உட்கார்ந்துவிடுவார். பழைய ரம்பத் தகட்டை வெட்டி, தீட்டி, நெருப்பில் சிவக்கவைத்து எண்ணெயில் முக்குவார். உறைக்கு மாட்டுத் தோலை நனைத்து, கத்தியின் மேலேயே சுற்றிக் காயவிட்டு, இரண்டு ஊசி கோத்துத் தைப்பார். கத்தி உறைக்குள் இறங்கிப் பொருந்தும்போது வரும் சின்னச் சத்தத்துக்காகவே இரண்டு மூன்று தடவை உருவிச் செருகிப் பார்ப்பார்.

முட்டைக்கோஸ் அறுக்கிறவர்கள் அவர் கத்தியைத் தேடி வந்தார்கள். அதில் ஒரு பக்கம்தான் தீட்டிய சரிவு, மறுபக்கம் சப்பட்டை. தண்டில் வைத்தால் நேராக இறங்கும்.

திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் திலகாவும் ஒன்று வாங்கினார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, இது நேரா போவ மாட்டேங்குது. தண்டுல வச்சா வெளிய சறுக்குது. உறையும் இடுப்புல குத்துது."

யுவனேஸ்வரன் கத்தியை வாங்கி ஒரு மூங்கில் துண்டில் வெட்டிக் காட்டினார். நேராகவே இறங்கியது.

"கத்தியில ஒண்ணும் இல்லக்கா. ஒங்க கைதான் கோணல் லா."

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். திலகா இடது கையால் கத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறு வருடம் மழைக் காலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி யுவனேஸ்வரனின் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுடன் வீட்டில் இருந்தவர், வேலைக்குப் போயிருக்கும் மனைவி சீதாவுக்கு உதவியாகக் கோஸ் நறுக்கலாம் என்று தன் கத்தியையே இடது கையில் எடுத்தார். மேலே தடியாக ஆரம்பித்த சீவல் கீழே போகப் போக மெலிந்து, கத்தி வெளியே வழுக்கியது. அழுத்திப் பிடித்தார். இன்னும் வழுக்கியது. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரிவு, இடது கைக்கு இருக்கக் கூடாத பக்கத்தில் இருந்தது.

சீதா வந்ததும் அவரிடம் கேட்டார்: "திலகாக்கா எந்தக் கையில வேலை செய்வாங்க?"

"நொட்டாங்கை. கோயில்ல பிரசாதம் வாங்கறப்பகூடத் திட்டு வாங்குவாங்களே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"பார்த்தேன். அன்னிக்குக் கண்ணால பார்த்தேன், சீதா."

கட்டுப் பிரித்த பிறகு இடக்கைக்காரருக்கு ஒரு கத்தி செய்ய உட்கார்ந்தார். பழகிய கை தானாகவே பழைய பக்கத்தைத் தீட்டியது. இரண்டு தகடுகள் வீணாயின. மூன்றாவதுதான் சரியாக வந்தது. இடது இடுப்புக்கு ஏற்ற உறையும் தைத்து எடுத்துக்கொண்டு திரிங்காப் போனார்.

லாரியில் ஏற்றக் கோஸ் குவித்திருந்த கொட்டகையில் திலகா வெளி இலைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது யுவனேஸ்வரன் விற்ற அதே கத்தி. சப்பட்டையாக இருந்த பக்கம் கீறல் கீறலாகத் தேய்ந்து, புதிதாக ஒரு சரிவு விழுந்திருந்தது. முரட்டு வேலை. ஆனால் சாய்வு கச்சிதமாக இருந்தது.

"யாருக்கா தீட்டுனது?"

"நான்தான். வீட்டுப் பின்னாடி சிமெண்டுல தேச்சேன். தேச்சு முடிக்க ஒரு மாசம் புடிச்சுது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே, தம்பி."

யுவனேஸ்வரன் புதுக் கத்தியை உறையோடு நீட்டினார். "நான் அன்னிக்குப் பேசுனது தப்புக்கா," என்றார்.

திலகா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு புதுக் கத்தியை வாங்கி ஒரு தண்டை நறுக்கினார். தலையாட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இது பழகிருச்சு. அந்த உறைய மட்டும் குடு. உறைய சிமெண்டுல தேய்க்க முடியல பாரு."

திலகாவின் கத்தி தேய்ந்து மெலிந்திருந்ததால் உறைக்குள் ஆடியது. யுவனேஸ்வரன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன்மேல் கத்தியை வைத்து அளவு வரைந்துகொண்டார். அடுத்த ஞாயிறு வேறு உறை கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது யார் வந்தாலும் "எந்தக் கை?" என்றுதான் முதலில் கேட்கிறார். பலர் சிரிக்கிறார்கள். இதுவரை பதினொரு பேர் இடது கையைக் காட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் வாங்கிப்போய், தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ, அது அவருக்குத் தெரியாது.