தண்ணீருக்குள் ஒரு லொறி

இரவு வேலைக்காரனுக்கு லீவு கொடுத்துப் பாருங்கள், அவன் முதலில் மறந்துபோவது நித்திரை கொள்வதைத்தான். என்னைப்போல இரவில் பொதி பிரிக்கிறவர்களும், ரயில் பெட்டி துடைக்கிறவர்களும், முதியோர் இல்லத்தில் மணியடித்தால் ஓடுகிறவர்களும் இதை வாசித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். எந்தப் பக்கமாக ஆட்டுவீர்கள் என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வேலை செய்வது ஓல்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், பொதிகளை ஊர் ஊராகப் பிரித்து லொறிகளில் ஏற்றுகிற ஒரு பெரிய மண்டபத்தில். பெல்ட்டுகள் ஓடுகிற இரைச்சலில் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். அல்பேனியன், தமிழன், போர்த்துக்கீசன், எரித்திரியன் என்று எல்லோரும் அங்கே கைப்பாஷையில்தான் கதைப்போம். கட்டைவிரலையும் சின்னவிரலையும் விரித்து வாய்க்குக் கொண்டுபோனால், கோப்பி. இரண்டு விரலால் தோளைத் தட்டினால், மேலிடம் வருகிறது. விரித்த உள்ளங்கையில் மூடிய கையை வைத்து அமத்தினால், "இன்னொரு லொறி வருது, போகாதே, நில்." வீட்டுக்குப் போக ஜாக்கெட்டை எடுக்கிற நேரம் பார்த்துத்தான் இந்தக் கை எழும்பும். உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத சைகை அதுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

பயமுறுத்திய நல்ல செய்தி

கோடை லீவுக்கு முன்னர் எங்கள் மேற்பார்வையாளர் கோர்னேலியா என்னைக் கூப்பிட்டு, பகல் ஷிஃப்டில் ஓர் இடம் காலியாகிறது, உனக்குத் தரலாம், லீவு முடிந்து வந்ததும் பதில் சொல்லு என்றார். சந்தோசப்படவேண்டிய செய்தி. நான் நன்றி சொல்லிவிட்டுப் பெல்ட்டுக்கு ஓடித் தப்பினேன்.

என் மனைவி வதனி பக்கத்து ஊரான ஆராவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் வேலை செய்கிறாள். மகள் நிலா பிறந்தபோது, பிள்ளை ஒருபோதும் தனியே இருக்கக்கூடாது என்று நான் இரவை எடுத்தேன், அவள் பகலை எடுத்தாள். நான் படியேற அவள் படியிறங்குவாள். படிக்கட்டில் வைத்துச் சாவியும் பிள்ளையும் கைமாறும். இப்போது பிள்ளை வளர்ந்து, தூரத்து ஊரான லொசானில் தங்கிப் படிக்கிறாள். கைமாற்ற ஒன்றுமில்லாமல் படிக்கட்டு மட்டும் மிஞ்சிவிட்டது. எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை பிடிப்பதற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே. பகலுக்கு மாறினால் பின்னேரம் முழுக்க இந்த மனுசியோடு நேருக்கு நேர் இருந்து நான் எதைக் கதைப்பது? அதுதான் பயம். அதனால் விஷயத்தை வதனிக்குச் சொல்லவில்லை. சொன்னால் உடனே "ஓம்" என்பாள், பிறகு தப்ப முடியாது. என்னோடு ஒரே பெல்ட்டில் நிற்கும் அல்பேனியன் பெசிமுக்கு மட்டும் சொன்னேன். அவன் ஒரு காதிலிருந்து அடைப்பைக் கழற்றி எடுத்தான்.

"ஒவ்வொரு பின்னேரமும், படுக்கிற வரைக்கும், மனைவியோடா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

கடலும் கடலையும்

எங்கள் கலியாண நாளுக்கென்று மகள் மயோர்க்காத் தீவில் ஒரு கிழமைக்கு ஹோட்டல் பிடித்துத் தந்திருந்தாள். அதற்குள் அரைநாள் படகுப் பயணமும் ஒன்று. சின்ன வளைகுடாக்களுக்குக் கொண்டுபோய், முகத்துக்குக் கண்ணாடியும் வாய்க்கு மூச்சுக்குழாயும் மாட்டி, மீன் பார்க்க இறக்கிவிடுவார்கள். இரண்டு சோடி கண்ணாடியையும் குழாயையும் முன்கூட்டியே தபாலில் அனுப்பியும் விட்டாள். அந்தப் பெட்டி எங்கள் மண்டபத்தின் வழியாக வந்திருக்கலாம். நானே தூக்கி லொறிக்குள் எறிந்துமிருக்கலாம்.

நான் எதையும் ஒருவரிடம் போய்ப் படித்தவனில்லை. ஜெர்மன், வரிப் பத்திரம், உடுப்புத் தோய்க்கும் மெஷினின் வியாதிகள் எல்லாமே தானாகப் பழகியவை. இதையும் அப்படியே பழகலாம் என்று, வேலையால் வந்து நித்திரை வராத ஒரு பகலில், போனில் வீடியோவை ஓடவிட்டு, குசினியில் பெரிய பேசின் ஒன்றில் தண்ணீரை நிரப்பி முகத்தை அமிழ்த்தினேன். குழாயால் மூச்சு நன்றாகத்தான் போய் வந்தது. முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது முதுகில் ஒரு விரல் தட்டியது. வதனி அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள், பிறகு சிங்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, கடலுக்குப் போறதெண்டால் நான் ஊறப்போட்ட கடலையை ஏன் ஊத்தினனீங்கள்?"

ஜெயண்ணையின் சந்தேகம்

எங்கள் மண்டபத்தில் மூத்த ஆள் ஜெயண்ணை. நாடு நாடாக ஒளித்து, வள்ளம் ஏறி, லொறிக்குள் படுத்து இங்கே வந்து சேர்ந்தவர். கோப்பி நேரத்தில் நான் படகுப் பயணத்தை விளக்கிச் சொன்னேன். துறைமுகத்தில் ஏற்றுவார்கள், இரண்டு இடத்தில் தண்ணீரில் இறக்குவார்கள், பிறகு துறைமுகத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள். அவர் கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டு, சிரிக்காமல், முழுவதையும் கேட்டார்.

"பொறு தம்பி, எனக்கு விளங்கேல்லை. காசும் குடுத்து, வள்ளத்திலையும் ஏறி, ஏறின இடத்திலேயே திரும்பி வந்து இறங்கிறதோ? உன்னை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்."

காலைச் சாப்பாட்டு மேசை

இரவு வேலைக்காரரே, மயோர்க்காவில் இறங்கியதும் விளங்கியது, கடற்கரை எங்களுக்குத் தோதான இடமில்லை. ஊரெல்லாம் படுத்துக் கிடக்க, நான் மணலில் மேலும் கீழும் நடந்தேன். வெய்யில் எனக்குப் பழக்கமில்லாத லைட் மாதிரி, யாரோ அணைக்க மறந்துபோனது போல இருந்தது. இரவில் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும், மத்தியானம் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவேன். ஒருதரம் முழிக்கும்போது வெய்யில் திரும்பியிருந்தது. என் முகத்தில் மட்டும் படவில்லை. வதனி தன் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் சிவந்துபோயிருந்தது.

கதைப்பதற்கு இருந்ததெல்லாம் முதல்நாளே முடிந்துவிட்டது. குப்பைப் பை, உடுப்புத் தோய்க்கிற பொது அறையில் எங்கள் முறைநாள், நிலாவின் சோதனை, கீழ்வீட்டு மனிசனின் கால்வருத்தம். பிறகு காலை மேசையில், "நீர் முதல்ல எடும்", "இல்லை, நீங்கள் எடுங்கோ", "தண்ணி வாக்கட்டோ", "பரவாயில்லை" என்று, பெண் பார்க்கப் போன இடத்தில் இருப்பதுபோல இருந்தோம். ஒரு வெள்ளரித் துண்டு எங்களுக்கு நடுவில் நெடுநேரம் கிடந்தது. அப்படியே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பரிசாரகன், முகம் முழுக்கச் சிரிப்போடு, கேட்காமலே இரண்டு கேக் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தான்.

"ஹோட்டலின் அன்பளிப்பு. தேன்நிலவுக்கு வந்தவர்களைப் பார்த்தவுடனே எனக்குத் தெரியும்."

எச்சில்

படகில் வழிகாட்டி மார்த்தா என்றொரு பிள்ளை. ஜெர்மன் கதைப்பாள். எங்களோடு ஏறிய ஜெர்மன்காரக் குடும்பங்கள் எல்லாம் பிறக்கும்போதே குழாயோடு பிறந்தவர்கள்போல ஆயத்தமாகிவிட்டார்கள். கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகார் பிடிக்காமல் இருக்க உள்பக்கம் துப்பித் தேய்க்கவேண்டும் என்று மார்த்தா செய்து காட்டினாள். நான் மொழிபெயர்த்தேன். நாள் முழுக்கக் கையுறையோடு வேலை செய்கிறவள் வதனி. கண்ணாடியைத் தூரப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு துணியால துடைச்சால் போகாதோ எண்டு அந்தப் பிள்ளையைக் கேளுங்கோ. இவ்வளவு தண்ணிக்கு நடுவில நிண்டுகொண்டு துப்பச் சொல்லுது."

தலையாட்டல்

மார்த்தாவின் சட்டம் இரண்டு. ஒன்று, தண்ணீருக்குள் ஜோடியாகத்தான் இருக்கவேண்டும், கையை விடக்கூடாது. மற்றது, அவள் "சரியா?" என்று கேட்டால் பதில் காட்டவேண்டும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏணியால் இறங்கினோம். வதனியின் கை என் கைக்குள் வந்தது. படிக்கட்டில் சாவி மாறுகிறபோது பட்டதைவிடப் பெரிதாக, சமையலறைச் சூட்டில் காய்ந்த கையாக இருந்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மார்த்தா பக்கத்தில் நீந்தி வந்து வதனியிடம் "சரியா?" என்றாள். வதனி, குழாய் வாயில் இருக்க, எங்கள் ஆக்கள் "ஓம், ஓம்" என்று ஆட்டுவது மாதிரித் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சாய்த்து ஆட்டினாள். குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இருமினாள். மார்த்தா அதை "இல்லை" என்று எடுத்து, பயந்துபோய் அவளைப் பிடித்து ஏணிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வதனி மறுபடி இறங்கினாள். மறுபடி "சரியா?" மறுபடி அதே ஆட்டு. மறுபடி ஏணி. மூன்றாம் தரம் நான் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கி எடுத்து, "அது ஆம்! அவ ஆம் எண்டுதான் சொல்லுறா!" என்று கத்தினேன். படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியென்றால் "இல்லை" என்பதற்கு உங்கள் மனைவி என்ன செய்வார் என்று மார்த்தா கேட்டாள். நான் அதை வதனிக்குத் தமிழில் சொன்னேன். அவள் ஏணியைப் பிடித்தபடி, தலைமயிரால் தண்ணீர் வடிய, என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"இல்லையெண்டால் நான் உங்களோட இவ்வளவு தூரம் வந்தே இருக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

எஞ்சின் சத்தம்

முதல் வளைகுடாவிலிருந்து இரண்டாவதற்குப் படகு போகும்போது எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஒன்றும் கேட்காது. எனக்கு அது வீட்டுக்கு வந்தது மாதிரி. வதனிக்குக் குளிரில் பல் அடித்தது. என்னையறியாமல் கட்டைவிரலையும் சின்னவிரலையும் விரித்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் புருவத்தை உயர்த்தினாள். காதுக்குக் கிட்டப் போய், அது கோப்பி, குடிக்கிறீரோ என்று கேட்டேன் என்றேன். பிறகு மற்றச் சைகைகளையும் கேட்டாள். தோளைத் தட்டிக் காட்டினேன். இன்னொரு லொறியையும் காட்டினேன். பெசிம் எப்படி நிற்பான், ஜெயண்ணைக்கு ஒரு விரல் மடங்காததால் அவருடைய சைகை மட்டும் வேறொரு பாஷைபோல இருக்கும் என்பதெல்லாம் சொன்னேன். இத்தனை காலம் நான் போய்வந்த இடம் அது. அவள் அதைக் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. வதனி ஒவ்வொன்றையும் செய்துபார்த்தாள். மார்த்தா எங்கள் பக்கம் வந்தபோது இரண்டு விரலால் தோளைத் தட்டிவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த குழந்தையும் சிரித்தது.

"அப்ப வேலை இடத்திலையும் நீங்கள் வாய் திறக்கிறேல்லையோ? நான் வீட்டிலதான் அப்பிடியெண்டு இவ்வளவு காலமும் நினைச்சுப்போட்டன்."

இன்னொரு லொறி

இரண்டாவது வளைகுடாவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. கீழே கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு மற்றப் பக்கமாகச் சாய்ந்து, யாருக்கோ ஓயாமல் "ஓம்" சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேலால் வெள்ளி நிறத்தில் ஒரு கூட்டம் மீன், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும். காதுக்குள் எங்கள் இரண்டு பேரின் மூச்சு மட்டும்தான். அவள் மூச்சு என் மூச்சைவிட ஆறுதலாகப் போய்வந்தது. நான் இரவில் வேலைக்குப் போனபின் இந்த மூச்சுத்தான் அந்த வீட்டில் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன். மீன் வந்தால் அவள் என் கையை அமத்துவாள். எனக்கு வந்தால் நான் அமத்துவேன். கதைக்க ஒன்றுமில்லையே என்ற நினைப்பு ஒருதரமும் வரவில்லை.

விசில் கேட்டது. எல்லோரும் படகுக்குத் திரும்பினார்கள். ஷிஃப்ட் முடிந்தால் நான் நிற்கிறவனில்லை. ஏணியைப் பார்த்துக் காலை அடித்தேன். கை இழுபட்டது. திரும்பினேன். வதனி என் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, தன் கையை மூடி அதற்கு மேல் வைத்து அமத்தினாள். இன்னொரு லொறி வருது. போகாதே. நில்.

நின்றோம். ஒரு லொறியும் வரவில்லை, மீன்களும் போய்விட்டன. புல் மட்டும் சாய்ந்துகொண்டிருந்தது. விசில் இன்னொரு தரம், கொஞ்சம் கோபத்தோடு கேட்ட பிறகுதான் ஏறினோம். துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தபோது நான் சொன்னேன்: "பகல் ஷிஃப்ட் தரட்டோ எண்டு கேக்கினம். இனிப் பின்னேரத்தில நான் வீட்டிலதான் நிற்பன். உமக்குச் சரியோ?" வதனி என்னைப் பார்க்கவில்லை. தலைமயிரைப் பிழிந்துகொண்டே தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சாய்த்து ஆட்டினாள், நீண்ட நேரம் ஆட்டினாள். எதிரே இருந்த மார்த்தா பாய்ந்து எழும்பி, கையில் மருந்துப் பெட்டியோடு என்னைப் பார்த்தாள்.

"இப்ப இது ஆமா, இல்லையா? தயவுசெய்து நிச்சயமாகச் சொல்லுங்கள்."

ஆகவே இரவுச் சகோதரங்களே, காதை அடைத்துக்கொண்டு நான் கழித்த அத்தனை இரவுகளாலும் கண்ட ஒரே பகல் பிரயோசனம், ஒரு சொல்லும் பேசாமல் மனைவியோடு பின்னேரம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்கத் தெரிந்ததுதான்.