லாபம், ரெண்டு, மூணு

பேத்தி யாழினியை அழைத்துவர அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். தஞ்சாவூரில் பேர்போன பள்ளிக்கூடம். வாசலில் நின்ற வண்டிகளில் என் வண்டிதான் பெரிது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து கைதட்டும் சத்தம் வந்தது. பாட்டு வகுப்பாக்கும் என்று எட்டிப் பார்த்தால், கணக்கு. டீச்சர் ஒரு தட்டு தட்டுகிறார். அதற்குள் பிள்ளைகள் 'தக' என்கிறார்கள், ஒவ்வொன்றும் அரை. அதே தட்டுக்குள் 'தகதிமி', ஒவ்வொன்றும் கால். கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் எங்கள் யாழினி, முன்வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

என் வாய் சும்மா இருக்காது. "இது என்ன டீச்சர் புதுசா? நாங்க அந்தக் காலத்துலயே பாட்டாப் பாடித்தான் கணக்குப் போட்டோம்" என்றேன்.

"அப்படியா ஐயா? வெள்ளிக்கிழமை வந்து பிள்ளைங்களுக்குப் பாடிக் காட்டுங்களேன்."

யாழினி அதற்குள் பக்கத்துப் பிள்ளையிடம், "எங்க தாத்தா பாடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு முடியாது என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்தால் நெல் சுணை வாசம். அறுவடை வயல்களுக்குப் போய்வரும் என் வண்டியில் எப்போதும் இருக்கும். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறுவாள். அந்த வாசம் என்னைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், அப்பா நெல் அளந்த களத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

களம் பண்ணையாருடையது, நெல் பண்ணையாருடையது, அளக்கிற மரக்கால்கூட அவருடையதுதான். அப்பாவுடையது குரல் மட்டும். ஒன்று என்று தொடங்கக்கூடாது. முதல் மரக்கால் 'லாபம்'. அடுத்த மரக்காலை அள்ளித் தலைதட்டிக் கொட்டும்வரை அதே எண்ணை ராகம் போட்டு இழுத்துக்கொண்டே இருப்பார். "ரெண்டே... ரெண்டு... ரெண்டே..." என்று. ராகம் அறுந்தால் கணக்கு அறுந்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பன்னிரண்டு வந்ததும் ராகம் மேலே போய் ஒரு வளைவு வளைந்து 'கலம் ஒண்ணு' என்று இறங்கும். ஒரு பிடி நெல்லை அடையாளத்துக்குத் தனியே வைத்துவிட்டு, திரும்ப லாபத்தில் தொடங்குவார்.

நான் எண்ணக் கற்றது அங்கேதான். அதனால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு எடுத்தேன்: "லாபம்... ரெண்டே... ரெண்டு..."

"டேய், இது பள்ளிக்கூடமா களமா?" என்றார் வாத்தியார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து என் பேர் லாபம்.

ஒருநாள் அப்பா எனக்குச் சோறு கொண்டுவந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பயல்கள் அவரைப் பார்த்ததும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "லாபம்... ரெண்டே..." என்று மூக்கால் இழுத்தார்கள். அப்பாவுக்குக் கேலி புரியவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பாக அவர்கள் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு, கையால் காற்றில் அள்ளிக் கொட்டிப் பாடவே ஆரம்பித்துவிட்டார். பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகும்போது என் தலையைத் தடவி, "நல்லாத்தாண்டா சொல்லிக்குடுக்குறாங்க" என்றார்.

அந்தச் சோற்றை நான் தொடவில்லை. அதன்பிறகு களத்துப் பக்கம் நான் போகவில்லை. பள்ளிக்கூடத்தையும் கொஞ்ச நாளில் விட்டுவிட்டேன்.

ஆனால் ராகம் இல்லாமல் எனக்கு எண்ண வராது. லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனபோது வாய்க்குள்ளேயே முனகுவேன். பன்னிரண்டு ஆனதும் ஒரு விரலை மடக்கிக்கொள்வேன். "என்னப்பா, உதடு ஆடுது?" என்றார் மேஸ்திரி. "முருகன் பேரைச் சொல்றேங்க" என்றேன். அப்படியே பக்திமான் என்று பேர் எடுத்துவிட்டேன். இன்றைக்கும் கோயில் கும்பாபிஷேகம் என்றால் முதல் பத்திரிகை எனக்குத்தான் வரும். கால்குலேட்டர் வந்தது, கடையில் முதல் ஆளாக நின்று வாங்கினேன். உதடு நின்றது.

வெள்ளிக்கிழமை வெள்ளை வேட்டியில் போய் நின்றேன். யாழினி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "லாபம்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஆனால் டீச்சர் தட்ட ஆரம்பித்தார். தட்டுக்கு நாலு எண், மூன்று தட்டில் பன்னிரண்டு, அச்சாக உட்கார்ந்தது. "மூணு தகதிமி தாத்தா" என்று யாழினி கத்தினாள். வயிற்றுவலிக்காரி தானாகக் கண்டுபிடித்த கணக்கு. பன்னிரண்டு வந்தது. கலத்துக்குத் திரும்பும் அந்த வளைவுக்கு வாயைத் திறந்தேன்.

வரவில்லை. விரல் மடங்கியது, ராகம் வரவில்லை.

"அப்புறம் தாத்தா?"

பையிலிருந்து போனை எடுத்து, வராத அழைப்புக்கு "ஹலோ, சொல்லுங்க" என்று பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன். எத்தனை பேரிடம் எத்தனை வாதம் ஜெயித்தவன், எட்டு வயதுப் பிள்ளைகளிடமிருந்து தப்பித்து ஓடினேன்.

மறுநாள் ஊருக்குப் போய், அந்த ராகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்தேன். களம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். எங்கள் வட்டாரத்தில் முதல் அறுவடை மெஷின் இறக்கியவன் நான்தான். மெஷின் நெல்லை நேரே டிராக்டரில் கொட்டும், எடைமேடையில் சீட்டு வரும், யாரும் வாய் திறக்க வேண்டாம். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன; அவரோடு களத்தில் நெல் தூற்றிய ஒரே ஒருவர் இருக்கிறார். கேட்டேன். "பாட்டா? எண்ணுனாங்க தம்பி, அவ்வளவுதான்" என்றார்.

யாழினி இப்போது படியேறும்போதுகூட 'லாபம், ரெண்டு' என்றுதான் ஏறுகிறாள். வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டாளாம். பன்னிரண்டில் நிறுத்திவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறாள். பாட்டே அவ்வளவுதான் என்று நினைக்கிறாள்.

சோறு கொண்டுவந்த அன்று என் பள்ளிக்கூட வாசலில் அப்பா பன்னிரண்டைத் தாண்டித்தான் பாடினார். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.