இரண்டாம் வளைவில்

போன வாரம் கொரட்டூரில் முதுகுக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். குழாய்க்குள் தள்ளிய இரண்டாவது நிமிடமே, கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தி ஊரைக் கூட்டிவிட்டேன். “பயமா மேடம்?” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். ஒரு காலத்தில் குழாய்க்குள் நுழைவதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான் என்றால் நம்பவா போகிறாள்? நீங்களாவது நம்புங்கள்.

மண்ணூர்பேட்டையில் ஒரு ஃபைபர் பட்டறை. ஒலியை மிஞ்சும் போர் விமானங்களுக்குப் புதுவிதக் காற்று நுழைவாய்களைச் சோதனைக்காகச் செய்து கொடுத்தோம். அந்த வேகத்துக் காற்று அப்படியே பாய்ந்தால் எஞ்சின் திணறிவிடும். வாயிலேயே அடக்க வேண்டும். பழைய வகையில் அதற்கு அசையும் தகடுகள். எங்களுடையதில் வாயருகே அசையாத ஒரு புடைப்பு, பின்னால் இரண்டு முறை வளையும் குழாய், அவ்வளவுதான். உட்புறம் வழவழவென்று இருக்க வேண்டும். நான் டிப்ளமோ படித்திருந்தேன். ஆனால் அங்கே என் தகுதி ஒல்லி உடம்புதான். டார்ச்சும் உப்புத்தாளுமாக உள்ளே ஊர்ந்துபோய்த் தேய்ப்பேன். ஃபைபரை ஒட்டும் ரெசின் பசையின் நெடியில் சாயங்காலம் வரை சோறு இறங்காது.

அந்த நெடியால்தான் வாந்தி என்று எல்லோரையும் நம்பவைத்தேன். உண்மையில் ஐந்தாம் மாதம். பெயின்ட் பிரிவில் ஒரு பெண் தான் கர்ப்பம் என்று சொன்ன மறுநாளே அவளை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். என் கணவருக்கோ அப்போது வேலை இல்லை. வாயே திறக்கவில்லை நான்.

மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கையில், இரண்டாம் வளைவில் சிக்கிக்கொண்டேன். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. மூச்சை இழுத்தால் வயிறு முட்டியது. வெட்கமில்லாமல் அழுதேன்.

“இன்னாமா, மாட்டிகினியா?” வெளியே ஃபோர்மேன் காதர் பாயின் குரல். “டேய், கால புடிச்சி இழுங்கடா!”

“இழுக்காதீங்க பாய்! வயித்துல புள்ள இருக்கு!”

குழாய் என் குரலைப் பட்டறை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. என் காலைப் பிடித்த கைகள் சட்டென்று விட்டன.

“கண்ண மூடிக்கோமா, தூசி பறக்கும்” என்றார் பாய். மேனேஜரை அவர் கேட்கவில்லை. நாலு மாதம் தன் கையாலேயே அடுக்கடுக்காக ஒட்டிய வளைவை, கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து என்னை வெளியே எடுத்தார்.

சோதனை தவறிப்போனது. அந்த வடிவம் காற்றை அடக்கியிருக்குமா என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. பாயை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள், என்னையும்தான். அன்று எல்லோருக்கும் கேட்டுவிட்ட கூச்சத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறியிருந்தேன். குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டலாம், அப்போது நன்றி சொல்லலாம் என்று நாளைக் கடத்தியதில் மகளுக்கே கல்யாண வயதாகிவிட்டது.

இப்போதெல்லாம் குழாய்க்குள் கேமராதான் போகிறதாம். போன வாரம் ஸ்கேன் ஒருவழியாக முடிந்த கையோடு மண்ணூர்பேட்டைக்குப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி. வாட்ச்மேனிடம், “காதர் பாய்னு ஒருத்தர்…” என்று ஆரம்பித்தேன்.

“எந்த ப்ளாக்கு மேடம்?” என்றார்.