இணைப்பைத் திருப்பிக் கேட்டவர்

அப்போது என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருந்தது. ஒவ்வொரு கவுன்டரும் அதனுடன் ஓர் இணைப்பைத் திறந்து, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். இணைப்புகள் அளவை மீறினால், புதிதாகக் கேட்பவருக்கு டேட்டாபேஸ் இடம் தராது. காலைக் கூட்டத்தில் அடிக்கடி அப்படித்தான் நின்றுபோகும்.

"அந்த அளவைக் கூட்டிவிடுங்களேன்" என்றாராம் அதிகாரி.

"கூட்டினா மொத்தமா படுத்துடும் சார்" என்று சொல்லி, இவர் நடுவில் பூலர் என்ற ஒன்றை வைத்தார். அது சில இணைப்புகளை மட்டும் திறந்து வைத்திருக்கும். கேட்கிற கவுன்டருக்கு ஒன்றைக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். எதுவும் மிச்சமில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

"திங்கக்கிழமையும் நின்னுச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றிருக்கிறார் அதிகாரி.

அந்தத் திங்கட்கிழமை இவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். நான் சாப்பாட்டு டப்பாவோடு போய் அறை மூலையில் உட்கார்ந்தேன். சொல்லி வைத்தாற்போல் எல்லாம் நின்றது. பதிவுக் கவுன்டர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்க பூலரு குறட்டை விடுதா? வெளில என்னைக் கிழிக்கிறாங்க!"

இவர் காது சிவந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தவர், "அடப்பாவிங்களா!" என்றார். மருந்துக் கவுன்டர்களில் பில்லைத் தொடங்கி, முடிக்காமலே டீ குடிக்கப் போயிருந்தார்கள். வேலை முடியாததால் அவர்கள் எடுத்த இணைப்புகளும் திரும்பவில்லை.

பாதியில் விட்ட வேலை கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால், அதை ரத்து செய்து இணைப்பை வாங்கிக்கொள்ளும்படி இவர் மாற்றியமைத்தார். வெளியே வரிசை நகரும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மருந்துக்காரர் ஓடி வந்தார்.

"என் பில்ல முழுங்கினது யாருய்யா?"

"டீயக் குடிச்சவங்கதான் அண்ணே. மறுபடி அடிங்க."

அறையே சிரித்தது, வாசலில் நின்ற அதிகாரியும்தான். வேற ஆள் என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டப்பா காலியான பிறகும் இவர் கை கழுவப் போகாமல் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாதி புரியவில்லை. "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இருவரும் நாள் முழுக்க வீட்டில்தான், பேச எவ்வளவோ நேரம் இருக்கிறது. ஆனாலும் விரல் காய்ந்தது தெரியாமல் அவர் பேசிய அந்த மத்தியானம் மாதிரி இன்னொன்று வாய்க்கவில்லை.