பழைய டின்னில் இருந்த எண்ணெய்

லிஸ்மோர் ஊரின் ஞாயிற்றுச் சந்தையில் லோர்னா டிக்னரின் கடைக்கு மூக்கே வழிகாட்டிவிடும். புங்காவால்பின் என்ற சதுப்பு நிலத்தில் அவளும் கணவன் கிளாரியும் வளர்க்கும் டீ ட்ரீ என்ற மருந்து வாசனை மரங்களின் (தேயிலை அல்ல) இலையை ஆவியில் காய்ச்சி இறக்கிய எண்ணெய்தான் அங்கே விற்பனை. பருவா, பொடுகா, சேற்றுப்புண்ணா, எதற்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

"அப்படியே தடவு கண்ணு. எதையும் கலக்காத."

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, பள்ளி பஸ் ஓட்டும் கிளெனிஸ் ஹார்ட்மன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். வகிடு நெடுகச் சிவந்து, தோல் உரிந்து, நீர் கோத்திருந்தது.

"உன் எண்ணெய் போட்டப்புறந்தான் இப்படி, லோர்னா."

கடையைச் சுற்றி வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். லோர்னாவுக்குச் சுருக்கென்றது.

"என் எண்ணெயா? நீ மலிவா வாங்குற ஷாம்பூவைப் போய்க் கேளு. நுரைக்காக என்னத்தையெல்லாம் கொட்டுறானோ! இல்ல, அடிக்கிற தலைச்சாயத்தைக் கேளு. ஆமா, தலைக்குக் குளிக்கிற பழக்கம் உண்டா உனக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. கிளெனிஸ் துண்டை மறுபடி கட்டப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே நடந்துபோனாள்.

அவளுக்கு விற்ற குப்பியை எதிலிருந்து நிரப்பினோம் என்று லோர்னாவுக்குத் தெரியும். தகரக் கொட்டகையின் வெக்கையில், மூடி பொருந்தாமல் கிடந்த பழைய டின். "வாசனையே மாறிப்போச்சு, கீழ ஊத்திடு" என்று கிளாரி சொல்லியிருந்தான். இவளுக்குத்தான் மனம் வரவில்லை.

குளிர்காலத்தில் அவளுடைய விரல்களே வெடிக்கத் தொடங்கின. அரிப்பு தாங்காமல் தோல் மருத்துவரிடம் போனாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் வரிசையாகச் சோதனை ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார்கள்: சாயம், வாசனைத் திரவியம், ஷாம்பூவில் சேர்க்கும் பொருட்கள், அவள் அந்தப் பழைய டின்னிலிருந்து கொண்டுபோன எண்ணெய். ஒட்டுகளைப் பிரித்துப் பார்த்த நாளில் ஒரே ஓர் இடம்தான் தடித்துச் சிவந்திருந்தது.

"இது நீங்க கொண்டுவந்த எண்ணெய்தான்," என்றார் மருத்துவர். "காத்தும் சூடும் பட்டு பழசாயிட்டா குணம் மாறிடும். அதைக் கலக்காம நேரா தோல்ல போட்டா, சிலருக்கு ஒத்துக்காது. ஒருதடவை ஒத்துக்காமப் போயிட்டா அப்புறம் எப்பவும் ஒத்துக்காது. இதைப் போட்ட வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?"

லோர்னா சட்டைப் பொத்தானை மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டாள். "இல்லையே," என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த 'இல்லையே' காதிலேயே கிடந்தது. விரலைவிட அதுதான் எரிந்தது.

மறுநாள் கிளெனிஸ் வீட்டுக்குப் போனாள். கிளெனிஸ் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை; வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டின் விஷயம், கிளாரி சொன்னது, எல்லாவற்றையும் லோர்னா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"அன்னிக்குச் சந்தையே கேக்கச் சொன்னியே," என்றாள் கிளெனிஸ். "இங்க என் நாய் மட்டுந்தான் கேட்டுட்டு இருக்கு. பஸ்ல ஏறுற பிள்ளைங்க என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சுங்க தெரியுமா? அழுக்குத்தலை."

அடுத்த ஞாயிறு லோர்னா கடையில் ஒரு குப்பியும் எடுத்து வைக்கவில்லை. தூரத்தில் கிளெனிஸ் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கிளெனிஸ் அருகே வந்ததும், சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"கிளெனிஸோட தலை புண்ணானது என்னாலதான். கெட்ட எண்ணெய்னு தெரிஞ்சும் வித்தேன். வித்துட்டு, அவளையே அழுக்குன்னு சொன்னேன்."

பக்கத்துக் கடைக்காரர் தன் அவகாடோக்களைக் குனிந்து அடுக்கத் தொடங்கினார். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் எங்கோ பார்த்தார்கள்.

"ம்," என்றாள் கிளெனிஸ். பிறகு உருளைக்கிழங்கு வாங்கப் போய்விட்டாள்.

மன்னித்தாளா என்று லோர்னாவுக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். கடை மறுபடி நடக்கிறது. இப்போது கிளாரிதான் புது எண்ணெயை வேறு எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, பழுப்புக் குப்பிகளில் இறுக மூடித் தருகிறான். லோர்னா பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு விற்கிறாள். கையில் என்ன என்று யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முகம் சிவக்க, முழுதாகச் சொல்கிறாள்.