மூன்றாவது பெஞ்சின் ஆமென்

என் இடது காது கேட்காது. நாலு வருடமாகக் கேட்காது. இன்று காலை எழுந்தபோதும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் "அற்புதமாகத் திறந்தது" என்று முடிப்பேன் என நினைத்துக் கைக்குட்டையோடு சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனாலும் இது ஜெபத்துக்குப் பதில் கிடைத்த சாட்சிதான். எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெபா. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இரும்பு அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். அந்தப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்குமே காது மந்தம். எங்கள் பிளாக்கில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் மூன்றாவது வீட்டில் தீர்ப்பு சொல்வார்கள்.

எங்கள் சபை மேனாம்பேட்டில், ஒரு பழைய பட்டறை ஷெட்டில் கூடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் சுவர். அங்கே பத்தாம் வகுப்பிலிருந்து நான்தான் கீபோர்டு வாசித்தேன். இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகு, 1993 ஜூலையில், நகரத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். ஒலி, இசைத் தொழில்நுட்பம் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். பாட்டைப் பதிவு செய்வது, பதிந்ததைக் கலப்பது, ஒரு மண்டபத்தில் சத்தம் எப்படிப் பரவுகிறது என்று அளப்பது எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண். அப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எம்மவ சத்தத்தப் பத்திப் படிக்கா" என்று பெருமையாகச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா, "அதப் போயி காலேஜில படிக்கணுமா? எங்க வீட்டுக்கு வந்தா சும்மாவே கேக்கலாமே" என்பாள்.

1994 ஜனவரியில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து பல் தேய்க்கும்போதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. காய்ச்சல் அடைப்பு என்று நினைத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினேன். ஆவடி ஸ்டேஷனில் எல்லாரையும் போல நானும் தண்டவாளத்தைத் தாண்டத்தான் இறங்கினேன். ரயில் சத்தம் வலப்பக்கம் கேட்டது. வலப்பக்கம் பார்த்தேன், ஒன்றுமில்லை. கால் எடுத்து வைத்தேன். ஒரு கீரைக்கார அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். இடப்பக்கமிருந்து வந்த ரயில் எங்களை ஒட்டிப் போனது.

"இன்னா பொண்ணு நீ, காது செவுடா? அம்மாம் பெரிய வண்டி வந்துகினு கீது, நீ பாட்டுக்கு பூற!"

செவிடுதான் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு காது போனால் எல்லாச் சத்தமும் மிச்சமிருக்கும் காதின் பக்கத்திலிருந்தே வருவதாகத் தோன்றும். இதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்து என்ன பிரயோஜனம்?

பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு மாதம் கழித்து டாக்டர், "நரம்பு போயிடுச்சும்மா. திரும்பாது" என்றார். எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது. "ரெண்டு ஸ்பீக்கர்ல வர்றத ஒரு காதால எப்படிம்மா எடை போடுவ? கௌரவமா விலகிக்கோ. நானே லெட்டர் குடுத்து வேற பாடத்துல சேத்து விடுறேன்." நான் மாட்டேன் என்றேன். "ஒரு வருஷம் குடுங்க சார். கடைசி ஆராய்ச்சித் திட்டத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பவும் தேறலேன்னா நானே போயிடறேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். செத்துப் போயிருக்கலாமே, அந்தக் கீரைக்கார அம்மா ஏன் இழுத்தாள் என்றுகூட நினைத்தேன்.

சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எனக்காக ஜெபித்தார்கள். எண்ணெய் பூசினார்கள். அந்த அன்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு, சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானராஜ் அண்ணன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், இன்னைக்கு சாட்சி நேரத்துல சுகமாயிட்டேன்னு சொல்லுங்க."

"ஆகலியே அண்ணா."

"விசுவாசத்துல சொல்லணும். சொன்னாத்தான் வரும். எத்தன பேர் அப்படி சுகமாயிருக்காங்க!"

அம்மாவும் என் கையை அழுத்தினாள். நான் மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். "எனக்காக ஜெபித்த எல்லாருக்கும் நன்றி. ஆண்டவரால் முடியும் என்று நம்புகிறேன். ஆனால் எனக்கு இன்னும் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்கிறது என்று சொல்லி அவர் பெயரை நான் கெடுக்க மாட்டேன். எனக்கு இடது காது கேட்கவில்லை."

சபை அப்படியே உறைந்துவிட்டது. அந்த நிசப்தத்தில் மூன்றாவது பெஞ்சிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. "ஆமென்!"

அது என் அப்பா. அவரைப் பார்த்து அவரோடு உட்கார்ந்திருந்த தொழிற்சாலைக்காரர்கள் வரிசையாக, "ஆமென்! ஸ்தோத்திரம்!" என்றார்கள். பின்னால் வாலிபர்கள் சிரித்துவிட்டார்கள். மானம் போயிற்று. "அவிசுவாசம்" என்று யாரோ முணுமுணுத்தது என் நல்ல காதில் விழுந்தது. அடுத்த வாரம் கீபோர்டில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்ப?" என்று சாட்சி சொன்ன அன்றே வீட்டில் அம்மா அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அப்பாமேல்தான் கோபம். சாப்பிட உட்கார்ந்தவர் எதிரில் போய் நின்றேன்.

"அப்பா, நான் கோயில்ல என்ன சொன்னேன்?"

"சாட்சி சொன்ன. நல்லாத்தான் சொன்ன."

"என்ன சொன்னேன்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார். "மக்கா, இந்தக் கோயிலுக்கு வந்த நாள்லேருந்து எனக்கு ஒண்ணும் வெளங்கல. வீட்ல நீ பேசுனா வெளங்குது. அங்க எல்லாம் கொழகொழன்னு கேக்கு. பேசுதவரு வாய மூடிட்டா முடிஞ்சிட்டுன்னு நெனச்சு ஆமென் சொல்லுதேன். எங்க பெஞ்சு பூரா அப்படித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருடம்! பதினைந்து வருடம் என் அப்பா ஒரு வார்த்தையும் புரியாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறார். கூட வருகிற நான், சத்தத்தைப் பற்றிப் படிக்கிற நான், கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது ரயிலில் பெண்கள் பெட்டியில் யாரும் இல்லை. வாய்விட்டே ஜெபித்தேன். ஜெபமா அது, சண்டை. "காது தர மாட்டீர் என்றால் தர மாட்டேன் என்று சொல்லிவிடும். இந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்றாவது சொல்லும். சும்மா மட்டும் இருக்காதேயும். நீர் பதில் சொல்லாமல் நான் படிப்பை விட மாட்டேன், உம்மையும் விட மாட்டேன்." அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறிய ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

ஆவடியில் இறங்கும்போது பதில் வந்தது. வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. ஒரு எண்ணம்தான் வந்தது. கொழகொழ என்று அப்பா சொன்னாரே, எனக்கும் ஜனவரியிலிருந்து அந்த ஷெட்டில் அப்படித்தானே கேட்கிறது! அதற்கு முன்னால் அப்படி இல்லையே! எதிரொலி நிறைந்த இடத்தில் பேச்சைப் பிரித்து எடுக்க இரண்டு காது வேண்டும். ஒன்று போன பிறகுதான் எனக்கு அந்த எதிரொலி முழுசாகக் கேட்டது. அப்பாவின் பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டார் ஆண்டவர். என் ஆராய்ச்சித் திட்டமும் அங்கேயே கிடைத்துவிட்டது.

துறைத் தலைவர் கேட்டவுடன் சம்மதித்தார். சபைக் கமிட்டிதான் குதித்தது. எதிரொலியை அளக்கக் கல்லூரியில் பெரிய கருவி இருந்தது, ஆனால் வெளியே தர மாட்டார்கள். அதனால் ஷெட்டுக்குள் பலூனை உடைத்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை கேசட்டில் பதிந்துகொண்டு போக வேண்டும்.

"ஆண்டவருடைய ஆலயத்துல பலூன் ஒடைக்கிறதா?" என்றார் ஞானராஜ் அண்ணன். பாஸ்டர் மட்டும் குதிக்கவில்லை. "பொய் சொல்ல மாட்டேன்னு நின்ன பொண்ணு. என்ன செய்யறான்னு பாப்போம்" என்று சனிக்கிழமை பகலில் சாவியைக் கொடுத்தார்.

எங்கள் சபைக்கு மைக் செட் கட்டுகிற தாஸ் அண்ணன் மேனாம்பேட்டுக்காரர். அவரும் வந்து நின்றார். நான் ஏணியில் ஏறிப் பலூன் பலூனாக ஊசியால் குத்துவதைப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, எம்.எஸ்ஸி.ல இத்தான் சொல்லித் தர்றாங்களா? எங்க ஊட்டுப் பாப்பா மூணு வயசுலயே படிச்சிட்ச்சு" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு வெடிச் சத்தமும் நிதானமாக நாலு எண்ணும்வரை கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அதன் தலையில் பத்து வார்த்தை விழுந்தால் யாருக்குப் புரியும்?

தாஸ் அண்ணனிடம், நாலு மூலையிலும் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர்களைக் கழற்ற வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா பேசற நீ? நா கட்னது. ரெண்டு மைலு கேக்கும், தெரியுமா?"

"ரெண்டு மைலுக்குக் கேக்குது அண்ணே. மூணாவது பெஞ்சுக்குக் கேக்கல."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஏணியைக் கேட்டார்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் கோணிப்பைகளைத் துவைத்து, உள்ளே தேங்காய் நார் அடைத்து, மெத்தை மெத்தையாகத் தைத்தார்கள். என் அம்மாதான் தலைமை. அவற்றைப் பின் சுவரிலும் கூரைக்கடியிலும் கட்டினோம். பெஞ்சுகளின் பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் வைத்து, சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தோம். அதற்குத்தான் கடைசிச் சண்டை வந்தது.

"சத்தம் கொறஞ்சா பரிசுத்த ஆவியோட அபிஷேகம் கொறையும் சிஸ்டர்" என்றார் ஞானராஜ் அண்ணன்.

"ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு அண்ணா. கேக்காதது எங்களுக்குத்தான்" என்றேன். துடுக்குதான். ஆனால் அதற்காக நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.

1995 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பாஸ்டர் கத்தவில்லை, வீட்டில் பேசுவது போலப் பேசினார். நான் பின்னால் கையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். பேனா ஓடவில்லை. இது பலிக்கவில்லை என்றால் படிப்பு போச்சு. அதைவிட, அப்பா இன்னொரு பதினைந்து வருடம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பாஸ்டர் தன் தாயார் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு யாரும் இல்லை. ஆனால் அவர் இருந்தார்" என்றார். சொல்லி முடித்த அதே நொடியில், சபையில் வேறு யாரும் வாய் திறப்பதற்கு முன்னால், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு "ஆமென்" வந்தது. சத்தமாக இல்லை. அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த பெஞ்சே அழுதது. தாஸ் அண்ணன் இயேசுவை நம்புகிறவர் இல்லை. அவரும் ஆம்பிளிபயர் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா பஸ்ஸில் சொன்னார். "ஏட்டி, பாஸ்டர் நல்லாத்தான் பிரசங்கம் பண்ணுதாரு. ஆனா ரொம்ப நீளம். இத்தன வருசம் தப்பிச்சிருக்கேன்."

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் என்னைக் கேட்டார், ஒரு காதோடு இந்தப் பிரச்சினையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. இரண்டு காது இருந்தவரைக்கும் கண்டுபிடிக்கவில்லை சார் என்றேன். எங்கள் துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 1995 மே மாதம் நான் முதல் வகுப்பில் தேறினேன். இன்றைக்குச் சபைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எதிரொலி அளந்து கொடுப்பதுதான் என் வேலை. கீபோர்டு திரும்பக் கிடைத்தது. கொடுத்தவர் ஞானராஜ் அண்ணன்தான். அவருக்கும் ஒரு காது மந்தமாம். அதை அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

நான் ஆண்டவரிடம் ஒரு காதைக் கேட்டேன். அவர் ஒரு பெஞ்சு நிறையக் காதுகளைக் கொடுத்தார். எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு, மறைக்கவில்லை. மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்று தெரியாமல் ஜன்னலில் நிற்கும்போது அழுகை வரும். அதையும் அவரிடமே சண்டையாகச் சொல்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை. பிள்ளைகளே, கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இல்லாததை இருக்கிறது என்று அவருக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவரை விடாமல் பிடித்துக்கொண்டு பதில் கேளுங்கள். தருவார். எனக்குத் தந்தார்.

என் அப்பா இதோ மூன்றாவது பெஞ்சில் இருக்கிறார். இந்த முறை அவருக்கு எல்லாம் கேட்கிறது. அன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். எனக்கு இடது காது கேட்கவில்லை. ஆண்டவர் நல்லவர்.

அப்பா, இப்போ சொல்லுங்க.