பாதி டேங்கின் அலம்பல்

என் பிழைப்பே தண்ணீர் ஆட்டம்தான். பாதி நிரம்பிய தொட்டி குலுங்கினால் உள்ளே இருக்கும் திரவம் எப்படி எழும்பும், எந்தச் சுவரில் எவ்வளவு வேகமாக அறையும் என்று சமன்பாடு போட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற வேலை. நிஜத் தண்ணீரோடு எனக்கு வாய்த்த ஒரே பழக்கம், சென்னையை ஒட்டிய பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகித் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டதுதான்.

அன்று காலை எங்கள் தரைத்தொட்டி பாதி லாரித் தண்ணீரிலேயே நிரம்பிவிட்டது. பருத்திப்பட்டு ஏரியின் மறுபக்கம் இருந்த எங்கள் இரண்டாவது கட்டடத்தில் குழாய் காய்ந்து கிடந்தது. மீதியை அங்கே கொண்டுபோய் ஊற்றச் சொன்னேன். லாரி ஓட்டுநர் தயங்கினார்.

“பாதி டேங்க்கோடயா சார்? வோணாம். அலம்பல் ஜாஸ்தியா கீது…”

நான் தெற்கத்திக்காரன். சென்னைக்கு வந்து கற்றுக்கொண்ட வகையில் அலம்பல் என்றால் பந்தா, அவ்வளவுதான் தெரியும். நாலு பேர் முன்னால் என்னைத்தான் சொல்கிறார் என்று சுருக்கென்றது.

“யாருக்குய்யா அலம்பல்? சொன்னதைச் செய். இல்லேன்னா நாளையிலிருந்து வேற லாரி கூப்பிட்டுக்கறேன்.”

அவர் வண்டியில் ஏறிப் போனார். ஏரிக்கரைத் திருப்பத்தில் மாடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் போட்டார், லாரி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. தொட்டியின் முன்சுவரில் மோதி, வண்டியையே தள்ளிக்கொண்டு போய் மின்கம்பத்தில் சாத்திவிட்டது. அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையோடு படுத்திருந்தவர் எனக்கே சமாதானம் சொன்னார்.

“நான் தண்ணிய சொன்னேன் சார், உங்கள இல்ல. பாதி டேங்க்னா உள்ள அலம்பும். பிரேக்கையே மீறி தள்ளும். உங்களுக்கு எப்டி தெரியும், பாவம்.”

கூனிக் குறுகிப் போனேன். அந்த வாரம் முழுக்க என் திரையில் ஓடிக்கொண்டிருந்ததும் பாதித் தொட்டிதான். உள்ளே தண்ணீர் அலம்புவதற்கு நாங்கள் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தோம். அவர் ஒரே சொல்லில் எச்சரித்தார்; நான் கோபித்துக்கொண்டேன்.

“நீங்க இன்னா வேல சார் பாக்குறீங்க?”

“கம்ப்யூட்டர்ல” என்றேன்.

“அதான பாத்தேன்” என்று சிரித்துவிட்டு, நான் உட்காரக் கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தார்.